மானிட்டரும் மாமியாரும்

தொண்ணூறுகளின் நடுவில் சில வருடங்கள் நான் ஒரு மானிட்டரோடு குடித்தனம் நடத்தினேன். தாலி கட்டியவர் முகத்தைப் பார்த்ததைவிட அதன் முகத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். அது ஒழுங்காக இருந்தால் எனக்குச் சோறு இறங்கும். அது முகம் சுளித்தால் வீட்டில் பாத்திரங்கள் உருளும். வெளியில் கேட்பவர்களிடம் இதை முனைவர் பட்ட ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி. அங்கே இயற்பியல் துறையில், கால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து எனக்கு ஆய்வுக்கூடம் என்று கொடுத்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் இரண்டு அடுக்குத் திரை தைத்து மாட்டினேன். சுவருக்கும் கறுப்பு அடித்தேன். மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், அதன் மானிட்டர், பார்ப்பவர் முகவாயை வைத்துக்கொள்ள ஒரு மரச்சட்டம். அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். கண்ணாடிக் குடுவைகளில் பச்சையும் சிவப்புமாகப் புகை கிளம்பும் என்று ஆசையோடு பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஏமாந்து போனார்கள். ஒரு சித்தப்பா மட்டும் இருட்டுக்குள் தலையை நீட்டி, "ஏனம்மணி, சினிமாக் கொட்டாயில சீட்டுப் போட மறந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

ஆராய்ச்சி இதுதான். சர்க்கரை வியாதி கண்ணைக் கெடுக்கும். ஆனால் ஆஸ்பத்திரிப் பலகையில் எழுத்துகளை வாசிக்கும் திறமை பெரும்பாலும் கடைசியில்தான் போகும். அதற்கு முன்பே, மெல்லிய நீலத்தைச் சாம்பல் நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் திறமை மங்கத் தொடங்கும் என்று படித்திருந்தேன். அதனால் சாம்பல் நிறத் திரையின் நடுவில், சாம்பலைவிட மயிரிழை மட்டுமே நீலமான ஒரு வட்டத்தைச் சற்று நேரம் காட்ட வேண்டும். தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரிந்தால் அடுத்த முறை நீலத்தைக் குறைப்பது, தெரியாவிட்டால் கூட்டுவது. யாருக்கு எந்த அளவில் வட்டம் மறைகிறதோ அதுதான் அவர் கண்ணின் அளவு. கண் கெட்டுப்போவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

இந்தத் தலைப்பை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என் மாமியாரின் அண்ணன். கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருந்தவர். செய்தித்தாளை முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்க விளம்பரம் வரை விடாமல் படிப்பவர். சர்க்கரையைப் பொருட்படுத்தாமல் இருந்து, பார்வை மங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இரண்டு கண்ணும் போயின. இதில் என் மாமியார் கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு. போகும்போது அண்ணனுக்குக் கொஞ்சம் தெரிந்தது, திரும்பி வரும்போது தெரியவில்லை, ஆகவே ஆஸ்பத்திரிதான் கண்ணைப் பிடுங்கிவிட்டது.

மாமியாருக்கும் சர்க்கரை இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைக் காட்டச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் மறுத்தார்.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போயித்தான் என்ற அண்ணனுக்கு உள்ளதும் போச்சு. நான் வரமாட்டேன் கண்ணு. வேணும்னா உன்ற ரூம்புல வந்து உக்காந்துக்கறேன். கெட்டுப்போச்சுன்னு உன்ற மிசினு சொல்லட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

இப்படியாக, அவர் வாழ்நாளில் சம்மதித்த ஒரே கண் பரிசோதனை என் ஸ்டோர் ரூமில் நடப்பதுதான் என்று ஆனது. கண் நன்றாக இருக்கிறது என்று என் திரை சொல்லிவிட்டால் அவர் ஆஸ்பத்திரிப் படி ஏறப் போவதில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் அண்ணன் கதைதான் தங்கைக்கும். பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியதுபோல் இருந்த அந்த மானிட்டரின் தலையில் இவ்வளவு பெரிய சுமையை ஏற்றிவிட்டு, நான் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

ஒரு வட்டம் போடுவதில் என்ன கஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். மானிட்டர் என் ஆணவத்தை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றியது. கம்ப்யூட்டரிடம் நூறு என்று சொன்னால் ஒரு வெளிச்சம் தரும். இருநூறு என்றால் இரண்டு மடங்குதானே தர வேண்டும்? நாலு மடங்குக்கும் மேலே தரும். கீழ்ப் படிகளில் சோம்பல், மேல் படிகளில் ஆவேசம். ஆகவே எந்த எண்ணுக்கு உண்மையில் எவ்வளவு வெளிச்சம் என்று மீட்டர் வைத்து அளந்து, ஓர் அட்டவணை தயாரித்து, அதன் வழியாகத்தான் வட்டத்தைப் போட வேண்டும். சிவப்புக்குத் தனியாக, பச்சைக்குத் தனியாக, நீலத்துக்குத் தனியாக. வட்டம் நீலமாக மட்டும் இருக்க வேண்டும். கூடவே துளி பிரகாசமாகவும் இருந்துவிட்டால், பார்ப்பவர் நீலத்தை விட்டுவிட்டுப் பிரகாசத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அந்த வெளிச்ச மீட்டர் பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு இரவல் வாங்கித் தந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்து சீட்டு அம்மா குழந்தையோ என்று துண்டை விலக்கிப் பார்த்தார்.

அட்டவணை போட்டால் முடிந்ததா? மானிட்டரை ஆன் செய்தவுடன் ஒரு நிறம், சூடேறிய பிறகு வேறு நிறம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி, முதல் அரை மணி நேரத்தில் அது காட்டும் முகத்தை நம்பக் கூடாது. பக்கத்துக் கட்டடத்தில் மெக்கானிக்கல் மாணவர்களின் ஒர்க்‌ஷாப். அங்கே லேத் ஓடினால் இங்கே என் திரையில் படம் ஓரங்களில் சுருங்கும். நான் எழுந்து ஓடிப்போய், "கொஞ்ச நேரம் நிறுத்துங்க" என்று கத்துவேன். பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர் பரிதாபப்பட்டு ஒரு ஸ்டெபிலைசர் செய்து தந்தார். அது தேனீக் கூடு மாதிரி இரைந்துகொண்டே இருந்தது, ஆனால் படம் சுருங்குவது நின்றது. அந்த நல்ல மனிதர் இன்னொரு நாள் என்னைக் கூப்பிட வந்தபோது, நண்பருக்காக வாங்கிய ஒலிபெருக்கியைப் பையோடு மானிட்டர் பக்கத்தில் வைத்துவிட்டார். அதன் காந்தத்தில் திரையின் மூலை ரோஸ் நிறமாகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் அவர் முகமும் கிட்டத்தட்ட அதே நிறத்துக்கு வந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அறையைத் திறந்தால், மானிட்டர் கண்ணாடியின் நட்டநடுவில், சரியாக என் வட்டம் வர வேண்டிய இடத்தில், சந்தனமும் அதன்மேல் குங்குமமும். துறை அட்டெண்டர் பக்தியோடு வைத்திருந்தார். "மத்த மிசினுக்கெல்லாம் வெச்சு இதுக்கு வெக்காம உட்டா நல்லாருக்காதுங்களே" என்றார். நான் கோபத்தோடு துடைத்தேன். துடைத்த இடம் பிசுபிசுத்தது. மறுபடியும் முதலிலிருந்து அளந்தேன். அட்டெண்டர் அதற்கப்புறம் என் அறையைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார். மரியாதையா பயமா என்று நான் விசாரிக்கவில்லை.

இந்தக் கோபங்கள் எல்லாம் சாயங்காலம் வீட்டுக்கும் வந்தன. என் முகத்தைப் பார்த்ததும் மாமியார் மகனிடம் தாழ்ந்த குரலில், "இன்னிக்கு மானிட்டரு செரியில்லையாட்ட இருக்குது. காபியக் குடிச்சுப்போட்டு வாயத் தொறக்காம இரு" என்பார். நான் திரையை அளந்துகொண்டிருந்தேன். அவர்கள் என்னை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய அளவு ஒருநாளும் தப்பியதில்லை.

மாமியார் என் ஆய்வுக்கூடத்துக்கு வர ஆரம்பித்தது வேறு ஒரு காரணத்துக்காக. பரிசோதனைக்கு வருபவர்களில் ஆண்களும் உண்டு. அறையோ கும்மிருட்டு. கதவைத் திறந்து வைத்தால் வெளிச்சம் வந்து எல்லாம் கெட்டுவிடும். கல்யாணமான பெண் ஓர் ஆணோடு இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? ஊர் சொல்வதற்கு முன்னால் மாமியார் ஒரு தீர்வு சொன்னார். மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வராந்தாவில் மாமியார் இருக்கும்போது எந்த வாய் என்ன பேசும்? அதோடு, ஆள் பிடிப்பதையும் அவரே ஏற்றுக்கொண்டார். கல்லூரி மாணவர்கள் எனக்குச் சுலபமாகக் கிடைத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள், எங்கே கிடைப்பார்கள்? அக்கம்பக்கம், சொந்தபந்தம், கோயிலில் அறிமுகமானவர்கள் என்று அவர் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். என் கைடு, "உங்க மாமியாருக்கும் ஒரு பட்டம் குடுக்கலாம்மா" என்றார்.

வெள்ளை உடை வெளிச்சத்தைத் திரையில் பிரதிபலிக்கும் என்பதால், வந்தவர்களுக்கெல்லாம் முடிவெட்டும் கடையில் போர்த்துவதுபோல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திவிடுவேன். நல்ல காரியத்துக்குப் போய்விட்டு வெள்ளையும் சொள்ளையுமாக வந்த பெரியவர்கள் அந்தக் கறுப்பைப் பார்த்து ஒரு நொடி தயங்குவார்கள். அப்புறம், "பரவாயில்லீங்க, உங்க காரியம் ஆகட்டும்" என்று தலையைக் குனிந்து காட்டுவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு துணித்திரை. அதற்குப் பின்னால் கீபோர்டோடு நான். அங்கிருந்து மானிட்டர் என் கண்ணில் படாது. கம்ப்யூட்டரில் மணி ஒலிக்கும், வட்டம் வந்து போகும், நான் கேட்பேன்.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

நீலத்தைக் குறைப்பேன். "இப்பத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க, நல்லாத் தெரியுது."

விடுதி மாணவர்கள் வெளி மாவட்டத்துப் பையன்கள். "தெரியல மேடம்", "ஒண்ணுமே வரல மேடம்" என்று கூச்சமில்லாமல் சொன்னார்கள். அவர்களுடைய அளவுகள் புத்தகத்தில் உள்ளபடியே வந்தன. ஆனால் மாமியார் அனுப்பிய பெரியவர்கள் அத்தனை பேரும், சர்க்கரை உள்ளவர்களும் இல்லாதவர்களும், என் கம்ப்யூட்டரால் போட முடிந்த ஆக மெல்லிய வட்டம் வரைக்கும் போய், அதற்கும் கீழே இருந்தால் கொண்டா என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் முதலிடம் என் மாமியாருக்கு. என் ஆராய்ச்சியின்படி அவருடைய பார்வை பதினெட்டு வயதுப் பையன்களைத் தூக்கிச் சாப்பிட்டது.

கணவர் மகிழ்ச்சியில் மைசூர்பாகு வாங்கி வந்தார். "அம்மாவுக்குக் கழுகுக் கண்ணுன்னு ஆராய்ச்சியிலயே வந்துருச்சு" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். மாமியார் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு, சர்க்கரைக்காரர் என்பதால் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு நின்றது. எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் இயற்பியல் படித்த மூளை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கடைசி வட்டத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை. மீட்டராலேயே முடியவில்லை. "அவசரப்படாதீங்க, மானிட்டர் சரியா இல்ல" என்று கணவரிடம் சொன்னேன்.

கைடு இந்த முடிவுகளை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, முகத்தில் ஒரு கண்டுபிடிப்பின் ஒளியோடு, "வெளியூர்ப் பசங்களுக்கு இல்ல, நம்மூர் ஆளுகளுக்கு மட்டும் இப்படி வருது. சின்ன வயசிலிருந்து சிறுவாணித் தண்ணி குடிச்சவங்க. ஏன் இருக்கக் கூடாது?" என்றார். கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீருக்குச் சூட்டாத பெருமை இல்லை. கண் பார்வை ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதையும் சூட்டினார். சிரிக்காதீர்கள். நான் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் என் சந்தேகம் மானிட்டரை விட்டு அகலவில்லை. மாணவர்கள் காலையில் வந்தார்கள், பெரியவர்கள் சாயங்காலம். அப்படியென்றால் பகலெல்லாம் சூடேறிய மானிட்டர் சாயங்காலத்தில் நீலத்தை அள்ளிக் கொட்டுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். சாயங்காலம் அளந்தேன். காலை அட்டவணையும் அதுவும் ஒட்டிப் பிறந்தவைபோல் இருந்தன. அப்படியென்றால் மீட்டர் பொய். அதைப் பெங்களூருக்கு அனுப்பிப் பரிசோதித்தேன். நலமாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அப்படியென்றால் மின்சாரம். அப்படியென்றால் கறுப்புத் துணி வெளுத்துவிட்டது. புதுத் துணி வாங்கினேன். பிரகாசத்துக்கான திருகையும் நிறத்துக்கான திருகையும் யாரோ தொடுகிறார்கள் என்று அவற்றின்மேல் டேப் ஒட்டி, ஒட்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். யாரும் தொடவில்லை. உலகத்தில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றையும் கூண்டில் ஏற்றி விசாரித்தேன். மனிதர்களை விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இயற்பியலில் மனிதர்களைப் பற்றி ஒரு பாடமும் கிடையாது.

கைடுக்கும் பொறுமை தீர்ந்தது. அடுத்த ஆய்வுக் குழுக் கூட்டத்துக்குள் எண்கள் ஒழுங்காக வராவிட்டால் வேறு தலைப்புக்குப் போய்விடலாம் என்றார். அன்று வீட்டில் ஒரு குண்டா நசுங்கியது.

மறுநாள் முழுவதும் உட்கார்ந்து புதிதாக அளந்து புது அட்டவணை தயாரித்தேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு காரியம் செய்திருக்கிறேன். எல்லா வரிசைகளிலும் தவறுதலாக ஒரே எண்ணைப் பதிய வைத்துவிட்டேன். எதுவும் தெரியாமல் மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, போர்த்திவிட்டு, திரைக்குப் பின்னால் போய் ஆரம்பித்தேன். மணி ஒலித்தது. தெரியுதுங்களா? தெரியுது கண்ணு. மணி ஒலித்தது. தெரியுதுங்களா? ஓ, தெரியுதே. வழக்கம்போல் கடைசி வரை போனார். முடிந்ததும் தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

நான் மானிட்டர் முன்னால் மீட்டரை வைத்து வட்டத்தை வரச்சொன்னேன். எண் அசையவில்லை. ஆக அழுத்தமான நீலத்தை வரச்சொன்னேன். அசையவில்லை. மீட்டரை விட்டுவிட்டு என் கண்ணால் பார்த்தேன். சாம்பல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாம்பல். அன்றைக்கு அந்தத் திரையில் ஒரு வட்டம்கூட வரவில்லை. வராத வட்டத்தை என் மாமியார் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறார்.

வெளியே போனேன். அவர் தூக்கைத் திறந்து எனக்கு முறுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இன்னிக்கு வட்டம் தெரிஞ்சுதுங்களா?"

"நல்லாத் தெரிஞ்சுது கண்ணு. பளிச்சுனு."

"என்ன நெறமுங்க?"

"நீ என்ன நெறம் வெச்சயோ அதேதான்."

"வட்டமே வரலீங்க அத்தை. நான் தப்பாப் போட்டுட்டேன். திரை சும்மாவே இருந்துருக்குது."

அவர் வெட்கப்படவில்லை, திடுக்கிடவும் இல்லை. முகம்தான் வாடிப்போனது. "அட, அப்ப இன்னிக்கும் உனக்குச் செரியா வரலையா?" என்றார்.

"அப்பறம் ஏனுங்க தெரியுதுன்னு சொன்னீங்க?"

"நீ அத்தன ஆசையாத் தெரியுதுங்களா, தெரியுதுங்களான்னு கேக்கற. இல்லைன்னு சொல்ல மனசு வருமா? வாரவீங்ககிட்டயும் அதத்தான் சொல்லி உள்ள உட்டேன். புள்ள வருசக்கணக்கா இதையே கட்டீட்டு அழுவுது, நாம ஒரு வார்த்தை தெரியுதுன்னு சொல்லிப்போட்டா கொறஞ்சா போயிருவம்னு. அவீங்களுக்கும் அது தெரியாதா? உங்க மருமக கேட்டு இல்லைங்கறதான்னு சொல்லித்தான் போனாங்க."

எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெங்களூர் போய்வந்த மீட்டர், இரைகிற ஸ்டெபிலைசர், செருப்பைக் கையில் தூக்கிய அட்டெண்டர், சிறுவாணித் தண்ணீர், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கோயம்புத்தூர்க்காரரிடம் போய், ஒரு பெண்பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்து வைத்ததைக் காட்டி, முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். சாப்பாடு நன்றாயிருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்தப் பதிலை வைத்து உப்பை அளந்தவள் நான்.

சிரிப்பு பாதியில் நின்றது. எல்லாவற்றுக்கும் இவர் தெரியுது என்றுதான் சொல்லியிருக்கிறார் என்றால், இவர் கண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. இதை நம்பித்தான் ஆஸ்பத்திரிப் பேச்சையே விட்டோம்.

அந்த வார இறுதிக்குள் பரிசோதனையை மாற்றி எழுதினேன். வட்டம் இனி நடுவில் வராது. இடப்பக்கமோ வலப்பக்கமோ வரும். தெரிகிறதா என்று நான் கேட்கவே மாட்டேன். எந்தப் பக்கம் என்று அவர் கையைக் காட்ட வேண்டும், தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டியாக வேண்டும். இடது, வலது என்பதில் மரியாதை காட்ட வழியில்லை என்று நினைத்தேன். அவர் அதற்கும் முயன்று பார்த்தார்.

"உனக்கு எந்தப் பக்கம் வேணும் அம்மணி? அதயே காட்டீர்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க அத்தை. உங்களுக்குத் தோணறதக் காட்டுங்க."

இந்த முறை நான் திரைக்குப் பின்னால் போகவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். மாணவர்கள் பார்த்தால் தட்டு மாதிரி இருக்கிறதே என்று சிரிக்கும் அளவுக்கு நீலமாக வட்டத்தை வைத்தேன். இடப்பக்கம் வந்தது. அவர் வலப்பக்கம் காட்டினார். மறுபடி இடப்பக்கம் வந்தது. கொஞ்சம் யோசித்து இடப்பக்கம் காட்டினார். வலப்பக்கம் வந்தது, இடப்பக்கம் காட்டினார். நான் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அவர் கை அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருந்தது. சரியும் தப்பும் பாதிப் பாதியாக விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவுதான் விழும்.

அன்று விடுமுறை. லேத் ஓடவில்லை. மின்சாரம் அசையாமல் இருந்தது. மானிட்டர் காலையிலிருந்தே சூடேறியிருந்தது. மீட்டர் வைத்து அளந்தேன். அட்டவணையோடு அச்சாகப் பொருந்தியது. திரும்பவும் அளந்தேன். அத்தனை மாதங்களாக அந்த மானிட்டர் மேல் நான் போடாத பழியில்லை. அன்றைக்கு அது ஒன்றே ஒன்று தப்பாக இருந்துவிடாதா என்று தவித்தேன். அது குற்றமே இல்லாமல் இருந்தது. நான் வாங்க நினைத்த பட்டத்துக்கு அதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்க முடியாது, எனக்கு அழுகை வந்தது.

நான் கத்தி அவர் பார்த்திருக்கிறார். பாத்திரத்தை எறிந்து பார்த்திருக்கிறார். அழுது பார்த்ததில்லை. கறுப்புத் துணிக்குள்ளிருந்து கையை நீட்டி என் முகத்தைத் தடவினார்.

"ஏங் கண்ணு, நான் தப்பாக் காட்டிப்போட்டனா?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க அத்தை."

போர்த்தியிருந்த துணியை அவரே கழற்றி வைத்தார். "செரி, வாரேன். நீ அழுவாத" என்றார். வருடக்கணக்கில் அவர் மகனும் டாக்டரும் கெஞ்சிக் கேட்டு நடக்காத காரியம் அப்படி நடந்தது. அதில் என் ஆராய்ச்சிக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு ஓர் இருட்டறையில் உட்காரவைத்தார்கள். முகவாயை வைத்துக்கொள்ள அங்கேயும் ஒரு சட்டம். அவருக்குப் பழகிய இடம்போல் சௌகரியமாக வைத்துக்கொண்டார். டாக்டர் இளம் வயதுக்காரர், உள்ளூர்க்காரர், பதமாகப் பேசினார். முதலில் வலது கண்ணை நெடுநேரம் பார்த்தார். உள்ளே கசிவு இருக்கிறது, ஆனால் லேசர் வைத்து நிறுத்திவிடலாம், இன்னும் சில மாதம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். கசிவை நிறுத்தி அந்தக் கண்ணை அவர்கள் காப்பாற்றவும் செய்தார்கள். கடைசி வரை அந்த ஒன்றால்தான் அவர் சமைத்தார், டிவி பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

பிறகு டாக்டர் வலது கண்ணை மூடிவிட்டு, இடது கண்ணுக்கு நேரே வெளிச்சத்தைப் பிடித்தார்.

"தெரியுதுங்களாம்மா?"

மாமியார் வாயைத் திறந்தார். சொல்லிப் பழகிய அந்த வார்த்தை உதட்டு வரை வந்ததை நான் பார்த்தேன். அவர் தலையைத் திருப்பி, நான் நின்ற பக்கத்தைத் தேடினார்.

"உள்ளதச் சொல்லுங்க அத்தை. எனக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன்.

"தெரியலீங்க" என்றார்.

டாக்டர் வெளிச்சத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். "எத்தன நாளா இப்படி இருக்குதுங்க?"

"அது ஆச்சுங்க. மருமக இந்தப் படிப்புல சேர்றதுக்கு முன்னாடியேங்க."

நான் முதல் தடவை மீட்டரைக் கையில் எடுத்த நாளிலேயே அந்தக் கண் போயிருந்தது. அதன் முன்னால்தான் மயிரிழை மயிரிழையாக நீலத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டத்திலிருந்து முகத்தை எடுத்து, இருட்டில் துழாவி என் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காத கண்ணு" என்றார்.